அல்சைமர் நோய்: மருந்துக் கடையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் இருபத்து நான்கு ஆண்டுகளாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மறதி நோய்க்கான சீட்டைக் கொண்டு வருபவர்கள் மாத்திரையை வாங்கியதும் கிளம்பிவிடுவதில்லை. மற்றவர்கள் நகரும் வரை ஓரமாக நின்றிருந்து, குரலைத் தாழ்த்தி ஏதாவது கேட்பார்கள். என் தாயார் இந்த நோயோடு ஏழு ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தவர் என்பது தெருவில் பலருக்குத் தெரியும் என்பதால், பேச்சு மருந்தோடு நிற்காது. அதே ஐயங்கள் திரும்பத் திரும்ப வந்ததால் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய மொழியிலேயே விட்டிருக்கிறேன். நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்லன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை.

வயசானா மறதி வர்றது சகஜம்தானே அண்ணா? இதுக்குப் போய் டாக்டரைப் பார்க்கணுமா?

தொண்டை வரை வந்த பெயர் வெளிவராமல் நிற்பதும், கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுவதும் சகஜம்தான். சற்று நேரம் கழித்தாவது நினைவு வந்துவிடும். நோயில் நடப்பது வேறு. நாற்பது ஆண்டுகளாக மீன் குழம்பு வைத்தவர், புளியைக் கரைத்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்பெதிரே நிற்பார். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக் கடையைத் தவறவிடுவது எவருக்கும் நேரும். அங்கிருந்து தன் வீட்டுக்கே திரும்பத் தெரியாமல் போவது அப்படியன்று. நூறு ரூபாய்க்கு மீதிச் சில்லறையை எண்ணத் தடுமாறுவது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நான்கு முறை கேட்பது, அமைதியாக இருந்தவர் காரணமின்றிச் சந்தேகப்படத் தொடங்குவது ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று, இந்தியாவில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நூற்றில் தொண்ணூற்றிரண்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு வயது மட்டும்தான் ஆகியிருக்கிறது, நோய் இல்லை. ஆகவே, "வயசாச்சு" என்பது விளக்கமாகாது.

டிமென்ஷியான்னு ஒருத்தர் சொல்றார், அல்சைமர்னு இன்னொருத்தர் சொல்றார். ரெண்டும் ஒண்ணா?

காய்ச்சலுக்கும் டைபாய்டுக்கும் உள்ள உறவுதான். நினைவு, சிந்தனை, பேச்சு, அன்றாட வேலைத் திறன் ஆகியவை படிப்படியாகக் குறையும் நிலைக்கு டிமென்ஷியா என்று பெயர்; அதை உண்டாக்கும் நோய்கள் பல. டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு இருப்பது அல்சைமர். மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபட்டு வருவது, லூயி பாடி என்ற புரதத் திரள்கள் மூளையில் சேரும் வகை, முன்மூளை சுருங்கும் வகை ஆகியவை மற்றவை. ஒருவருக்கே இரண்டு வகைகள் சேர்ந்திருப்பதும் உண்டு; சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்தவர்களிடம் இந்தக் கலப்பை அதிகம் எதிர்பார்க்கலாம்.

மூளைக்குள்ள அப்படி என்னதான் ஆகுது?

இரண்டு புரதங்கள் தப்பான விதத்தில் சேர்கின்றன. அமைலாய்டு பீட்டா என்பது நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிகிறது. டௌ என்பது அணுக்களுக்கு உள்ளேயே முறுக்கிய நூல்போலச் சிக்கிக்கொள்கிறது. அணுக்களுக்கு இடையிலான தொடர்பு அறுந்து, பின்னர் அணுக்களே மடிந்து, மூளை சுருங்குகிறது. அறிகுறி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் படிவு தொடங்கிவிடுகிறது.

புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி முதலில் அடிபடும் இடங்களுள் ஒன்று. அதனால்தான் காலையில் சாப்பிட்ட இட்லி நினைவில் இல்லாதவருக்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை முழுதாக நினைவிருக்கிறது. "பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கே, நடிக்கிறாரோ?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். அவர் நடிக்கவில்லை, இட்லி அவர் மூளையில் பதியவே இல்லை.

அல்சைமர்ங்கிறது என்ன பேரு சார்? யாராவது ஆளோட பேரா?

ஆம், அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயர். ஆனால் அவரைவிட அவருடைய நோயாளியை நினைவில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவர் பெயர் அகுஸ்த டேட்டர். ரயில்வே எழுத்தர் ஒருவரின் மனைவி. முதலில் கணவர்மீது தேவையில்லாத சந்தேகம், பிறகு சமையலில் குழப்பம், பொருள்களை ஒளித்து வைப்பது என்று வளர்ந்து, 1901 நவம்பரில், 51 வயதில், பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அல்சைமர் அவரிடம் கேட்ட கேள்விகளையும் பதில்களையும் எழுதி வைத்தார். பெயர் என்ன என்றால் "அகுஸ்த". கணவர் பெயர் என்ன என்றாலும் "அகுஸ்த" என்றே வந்தது. தட்டில் பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் இருக்க, என்ன சாப்பிடுகிறீர்கள் என்றதற்குக் கீரை என்றார்.

1906 ஏப்ரலில் அவர் இறந்தபோது அல்சைமர் மியூனிக்கில் இருந்தார். மூளையை அங்கே வரவழைத்து, வெள்ளிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். மேலே சொன்ன திட்டுகளும் சிக்கல்களும் அப்போது தெரிந்தன. அதே ஆண்டு நவம்பர் 3 அன்று டியூபிங்கன் நகரில் மருத்துவர் கூட்டமொன்றில் அதை விளக்கினார். ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 1910-இல் அவருடைய மூத்த சக மருத்துவர் எமில் கிரெப்லின் தம் பாடநூலில் "அல்சைமர் நோய்" என்று பெயரிட்டார். காணாமற்போன அகுஸ்தவின் மருத்துவக் கோப்பு 1995-இல்தான் பிராங்க்ஃபர்ட்டில் மீண்டும் கிடைத்தது.

நூறு வருஷத்துக்கு மேல தெரிஞ்ச நோய், இன்னும் குணமாக்க மருந்து இல்லையா?

இல்லை. அதற்கு ஒரு காரணம், நூறு ஆண்டுகளில் பாதி வீணாகப் போனது. அகுஸ்தவின் வயது 51 என்பதால், அல்சைமர் நடுத்தர வயதில் வரும் அரிய நோய் என்றே பாடநூல்கள் வகுத்துவிட்டன. எழுபது வயதுக்காரருக்கு வந்தால் மூப்பு என்று விட்டுவிட்டார்கள். 1960-களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிளெஸ்ட், டாம்லின்சன், ராத் ஆகிய மருத்துவர்கள் முதியவர்களின் மூளைகளை அவர்கள் இறந்தபின் ஆராய்ந்து, அங்கும் அதே திட்டுகள் இருப்பதைக் காட்டினார்கள். 1976-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் இரண்டும் ஒரே நோய்தான், இது மிகப் பெரிய உயிர்க்கொல்லிகளுள் ஒன்று என்று எழுதிய பிறகே பணமும் ஆட்களும் ஆராய்ச்சிக்கு வந்தார்கள்.

1984-இல் கிளென்னர், வாங் இருவரும் அமைலாய்டு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். 1991-இல் அதை உண்டாக்கும் மரபணுவில் பிழை உள்ள குடும்பம் கண்டறியப்பட்டது. அமைலாய்டை அகற்றினால் நோய் தீரும் என்ற நம்பிக்கையில் பல மருந்துகள் சோதிக்கப்பட்டன. அமைலாய்டு குறைந்தும் நோயாளி தேறவில்லை. இடையில், 2006-இல் பெரிதும் பேசப்பட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. அதைக் கேட்டு "எல்லாமே பொய்" என்று சொல்பவர்கள் உண்டு. அமைலாய்டு பற்றிய சான்றுகள் அந்த ஒரு கட்டுரையை நம்பி நிற்கவில்லை.

டோனெபெசில் எழுதியிருக்காங்க. இதைச் சாப்பிட்டா ஞாபகம் திரும்பி வந்துடுமா?

என் கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்; பதிலைக் கேட்டு முகம் வாடாதவரை நான் பார்த்ததில்லை. திரும்பி வராது. நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் இந்த நோயில் குறைகிறது; அது சிதையாமல் இந்த மாத்திரை சற்றுக் காக்கிறது. அமெரிக்காவில் 1996-இல் அனுமதி பெற்ற பழைய மருந்து. சிலருக்குச் சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள் வரை நிலைமை சரியும் வேகம் மட்டுப்பட்டதுபோலத் தெரியும். சிலருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே மூளை அணுக்கள் மடிவதை அது நிறுத்துவதில்லை. நடுத்தர, முற்றிய நிலைகளில் மெமன்டைன் சேர்ப்பார்கள். அது வேறு வழியில் வேலை செய்வது.

வாந்தி, வயிற்றுப்போக்கு, பசியின்மை, நாடித்துடிப்புக் குறைவு ஆகியவை பக்க விளைவுகள். மயங்கி விழுந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கெட்ட கனவுகளால் அலறினால், இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். இரண்டு வாரத்தில் பலன் இல்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

டி.வி.யில ஏதோ புது ஊசி வந்திருக்குன்னு சொன்னாங்களே?

லெகானெமாப், டோனானெமாப் ஆகியவை. அமைலாய்டைத் துடைத்தெடுக்கும் எதிர்ப்புரதங்கள் இவை. அமெரிக்காவில் முன்னது 2023-இலும் பின்னது 2024-இலும் அனுமதி பெற்றன. சுமார் 1,800 பேரிடம் 18 மாதம் நடந்த ஆய்வில் லெகானெமாப் சரிவின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. பெரிதாகத் தோன்றும் இந்த எண், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் 0.45 புள்ளி வேறுபாடுதான். ஊசி போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது, ஆகவே அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். லெகானெமாபுக்கு 2023-இல் அமெரிக்காவில் நிர்ணயித்த விலை ஆண்டுக்கு 26,500 டாலர். நோயின் தொடக்க நிலைக்கு மட்டுமே உரியது. நான்கைந்து ஆண்டுகள் முற்றிய ஒருவருக்காக நகையை அடகு வைக்க நினைக்காதீர்கள்.

ஒரு ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடுமா? கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடுவாங்களோன்னு பயமா இருக்கு.

ஒரே ஒரு ஸ்கேன் முடிவு சொல்லாது. உடனிருப்பவர் சொல்லும் விவரமே முதல் சோதனை: எப்போது தொடங்கியது, எதைச் செய்ய முடியாமல் போயிற்று என்பதைத் தாளில் எழுதிக் கொண்டு போங்கள். அதன்பின் தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளும் மூளை ஸ்கேனும் எடுப்பார்கள். பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, விழுந்ததால் மூளை உறைக்குள் தேங்கிய இரத்தம் ஆகியவை மறதி நோய்போலவே தோன்றி, சிகிச்சையில் பெரும்பாலும் சரியாகக்கூடியவை. இவற்றைத் தேடாமல் விட்டால் இழப்பு நமக்கு. இரத்தத்தில் அமைலாய்டின் அறிகுறியைக் காணும் பரிசோதனைக்கும் 2025-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்திருக்கிறது.

பள்ளிக்கே போகாதவரிடம் கடிகாரம் வரையச் சொல்லி நோயைத் தீர்மானிக்க முடியாது என்ற கவலை நியாயமானது. எழுத்தறிவு தடையாகாத சோதனை முறையை 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு உருவாக்கியது. அது ஆய்வு நடத்திய இடங்களில் சென்னையும் வேலூரும் உண்டு. படிக்காதவர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கே போவது என்றால், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல், மனநலம் ஆகிய இரு பிரிவுகளும் இருக்கின்றன. கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மையமும் உண்டு. கீழ்ப்பாக்கம் என்ற சொல்லை நாம் வசையாக்கி வைத்திருக்கிறோம்; 1794-இல் தொடங்கி, 1871 முதல் அங்கே இருக்கும் மனநல மருத்துவமனையும் ஒரு மருத்துவமனைதான். மறதிக்குப் பரிசோதனை கேட்டு வருபவரை யாரும் பிடித்துப் பூட்டுவதில்லை.

ராத்திரி தூங்கவே மாட்டேங்குறார். ஒரு தூக்க மாத்திரை குடுங்களேன்.

கொடுக்க மாட்டேன். இதில் நான் கையைச் சுட்டுக்கொண்டவன். என் தாயாருக்கு நோய் வந்த இரண்டாம் ஆண்டு, இரவில் உடல் அரிக்கிறது என்றார். பழைய வகை அலர்ஜி மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன். தூக்கமும் வரும் என்று ஒரு கணக்கு. மூன்றாம் இரவு சுவரில் ஆட்கள் நிற்பதாகச் சொல்லி விடியும் வரை நடுங்கினார். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வேற என்ன மாத்திரை குடுத்தீங்க?" என்பது. நிறுத்திய நான்காம் நாள் தெளிந்தார்.

குளோர்பெனிரமைன், பெனிரமைன், டைபென்ஹைட்ரமின் போன்ற அலர்ஜி மருந்துகளும், சிறுநீர் அடக்கமின்மைக்குத் தரும் ஆக்சிபியூட்டினினும் அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. டோனெபெசில் எதைக் காக்கிறதோ அதையே இவை முடக்குகின்றன. ஒரே நோயாளிக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டையும் எழுதிய சீட்டுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. தூக்க மாத்திரைகளால் இரவில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவது இன்னொரு ஆபத்து. சீட்டுகள் அனைத்தையும் ஒரே பையில் போட்டு, ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். பகல் தூக்கத்தைக் குறைத்து, காலை வெயிலில் நடக்கவிட்டு, மாலைக்குப் பின் டீ, காபியை நிறுத்திப் பாருங்கள்.

எங்க மாமியார் என்னைத் திருடின்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்றாங்க. இவ்வளவு செஞ்சும் இந்தப் பேரா?

பணத்தை அரிசிப் பானையில் ஒளித்து வைக்கிறார். வைத்த நினைவு பதியவில்லை. பணம் இல்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இடைவெளியை மூளை தனக்குத் தெரிந்த ஒரு கதையால் நிரப்புகிறது, அந்தக் கதையில் திருடியவர் எப்போதும் மிக அருகில் இருப்பவர்தான். ஆகவே அதிகம் பார்த்துக்கொள்பவருக்கே இந்தப் பழி வருகிறது. அகுஸ்தவுக்கும் முதலில் வந்தது சந்தேகம்தான் என்பதை மேலே பார்த்தோம்.

"நான் எடுக்கலை" என்று வாதாடினால் சண்டை நீளும். "அப்படியா, வாங்க சேர்ந்து தேடலாம்" என்று எழுந்துவிடுங்கள். ஒளிக்கும் இடங்கள் நான்கைந்துதான் இருக்கும்; பழகிவிடும். சிறு தொகை வைத்த இன்னொரு சுருக்குப்பையைத் தயாராக வைத்திருந்த வீடு ஒன்றை அறிவேன். அக்கம்பக்கத்தாரிடம் நோயைச் சொல்லிவிடுங்கள். மகன்களுக்கு ஒரு சொல்: உங்கள் மனைவிமீது பழி விழும்போது நீங்கள் பேசாமல் இருந்தால், தெரு அதை உண்மையென்று எடுத்துக்கொள்ளும்.

சாயங்காலம் ஆனா "வீட்டுக்குப் போறேன், ஷிப்டுக்கு லேட்டாச்சு"ன்னு கிளம்பிடறார். பூட்டி வைக்கலாமா?

மாலை வெளிச்சம் குறையும் வேளையில் குழப்பம் கூடுவது இந்த நோயில் பரவலாகக் காணப்படுவது. பின்னி மில்லில் வேலை பார்த்த ஒரு பெரியவர், மில் மூடிப் பல ஆண்டுகள் ஆன பின்னும், சட்டையை மாட்டிக்கொண்டு புளியந்தோப்பு பக்கம் நடப்பார். மில் இல்லை என்று மகன் சொன்ன ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதுச் செய்தியாகி அழுதார். "இன்னைக்கு லீவு விட்டிருக்காங்கப்பா, டீ குடிச்சிட்டுப் பேசுவோம்" என்று பேரன் சொன்னபோது உட்கார்ந்தார். இது பொய்தானே என்று கேட்பார்கள். பொய்தான், அதைச் சொல்லலாம் என்பது என் கருத்து.

ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவது தீ விபத்து நேர்ந்தால் உயிரைப் பறிக்கும். கதவின் மேல் பக்கம், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வைக்கலாம். ஒருவராவது உடனிருக்க வேண்டும். சட்டைப் பையில் மட்டுமன்றி உள்பக்கத் தையலிலும் தொலைபேசி எண் இருக்கட்டும். ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை, இஸ்திரி வண்டி ஆகிய மூன்று இடங்களிலும் படத்தைக் காட்டி வையுங்கள். ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள நம் பகுதியில் அந்த மூவரின் கண்ணுக்குத் தப்பி ஒருவர் போவது அரிது. ஆனால் கொருக்குப்பேட்டை ரயில் பாதைப் பக்கம் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காணவில்லை என்றால் விடியும் வரை நீங்களே தேடிக்கொண்டிருக்காமல் உடனே 112-ஐ அழையுங்கள். முதியோர் உதவி எண் 14567.

நேத்து வரைக்கும் நல்லா இருந்தார். ரெண்டே நாள்ல ஆளே மாறிட்டார். நோய் முத்திடுச்சா?

அல்சைமர் இரண்டு நாளில் முற்றாது. திடீர்க் குழப்பம் என்றால் வேறொன்று நடக்கிறது: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மே மாத வெயிலில் நீர்ச்சத்து இழப்பு, சோடியம் குறைவு, மலச்சிக்கல், அல்லது மேலே சொன்னபடி ஒரு புது மாத்திரை. அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

எங்க அப்பாவுக்கு இருக்கு. எனக்கும் வருமா?

நேரடியாகப் பரம்பரையில் இறங்கும் வகை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அது பெரும்பாலும் அறுபத்தைந்து வயதுக்கு முன்பே வந்துவிடும். மற்றவர்களுக்கு ஏ.பி.ஓ.இ.4 என்ற மரபணு வகை வாய்ப்பைக் கூட்டும். அது இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு.

2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் உலகின் டிமென்ஷியாவில் 45 விழுக்காடு வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, தலைக்காயம், காற்று மாசு, தனிமை ஆகியவற்றோடு காது கேளாமையும் அதில் இருக்கிறது. காது மந்தமானால் கருவி வாங்கிக்கொள்ள நம்மவர்களுக்கு ஏனோ வெட்கம். தலைக்காயத்தைத் தடுக்கும் ஹெல்மெட்டும் இந்தப் பட்டியலைச் சேர்ந்ததுதான். காற்று மாசு பற்றி தொழிற்சாலைகள் சூழ்ந்த எண்ணூர், மணலிக்காரர்களிடம் நான் என்ன சொல்வது?

வல்லாரை, மஞ்சள் குடுத்தா சரியாகும்னு சொல்றாங்களே?

வல்லாரைத் துவையல் சாப்பிடலாம், நல்ல கீரை. நோயை மாற்றும் என்பதற்குச் சான்று இல்லை. கிங்கோ என்ற இலைச் சத்தை 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் ஆண்டுக்கணக்கில் சோதித்து, அது நோயைத் தடுக்கவில்லை என்று 2008-இல் அறிவித்தார்கள். அதே பொருளை விலையுயர்ந்த டப்பாவில் இன்றும் கேட்டு வருகிறார்கள்.

பென்ஷன், பேங்க், வீட்டுப் பத்திரம் இதுக்கெல்லாம் என்ன பண்றது? பவர் எழுதி வாங்கினா போதுமா?

போதாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, அதிகாரம் கொடுத்தவரின் மனத்தெளிவு போய்விட்டால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். எப்போது தேவைப்படுமோ அப்போதே பவர் பத்திரம் பயனற்றுப் போகிறது. முற்றிய நிலையில் நீதிமன்றம் வழியாகப் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டியிருக்கும்.

தொடக்க நிலையிலேயே வங்கிக் கணக்கைத் துணைவரோடு, இருவரில் எவரும் இயக்கும்படி கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். வாரிசு நியமனத்தைப் பதிவு செய்யுங்கள். உயில் எழுதத் தெளிவான மனம் வேண்டும். நோய்ப் பெயர் வந்ததாலேயே அந்த உரிமை போய்விடாது. ஆனால் அன்றைய தேதியில் மருத்துவர் சான்று வாங்கி வைப்பது பின்னாளில் அண்ணன் தம்பி வழக்கைத் தடுக்கும். இதற்கு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கடைசி நேரத்துல முழுங்கவே முடியலை. மூக்குல டியூப் போடச் சொல்லலாமா?

கேட்பவர்கள் அழுதுகொண்டே கேட்கும் கேள்வி இது. முற்றிய நிலையில் விழுங்கும் திறனும் போகிறது. உணவு மூச்சுக் குழாயில் புகுந்து நிமோனியா வருகிறது. டியூப் போட்டால் அது நிற்கும், ஆயுள் கூடும் என்று நினைக்கிறோம். இந்த நோயின் இறுதிக் கட்டத்தில் டியூப் ஆயுளைக் கூட்டுவதாகவோ, நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. பிடுங்காமலிருக்கக் கையைக் கட்ட வேண்டியதும் வரும். அதனால் முதியோர் மருத்துவ வல்லுநர்கள் பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கிறார்கள். பக்கவாதம் போன்ற வேறு காரணத்தால் தற்காலிகமாக விழுங்க முடியாதவருக்கு டியூப் தேவைப்படலாம், அது வேறு.

நிமிர்த்தி உட்கார வைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, குழைந்த சாதத்தையோ கெட்டியான கஞ்சியையோ சிறு கரண்டியால் கொடுக்க வேண்டும். தண்ணீரைவிடக் கெட்டியானது எளிதாக இறங்கும். விழுங்கியதைப் பார்த்த பின்பே அடுத்த வாய். ஊட்டியதும் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. என் தாயாருக்கு ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழ் கொடுக்க நாற்பது நிமிடம் ஆகும். கடையைப் பகல் ஒன்று முதல் இரண்டு மணி வரை மூடும் பழக்கம் அப்போது வந்தது. இப்போதும் அந்த நேரத்தில் மூடியே வைக்கிறேன்.